பரங்கிப்பேட்டையில் இரும்புலை கண்ட ஹீத் துரை

ஹவுராப் பாலத்தின் மேல் ஒருமுறையேனும் நடவாத தமிழர் நம் குடியிருப்பில் எவரும் இலர். சென்ற பூசை விடுமுறையில் குடும்பத்துடன் அக்கரைக்கு நடந்து செல்லும்பொழுது, நம் மூத்த பெண் தலைக்கு மேலே அடுக்கடுக்காய்ப் பின்னிக் கிடந்த எஃகுச் சட்டங்களை அண்ணாந்து நோக்கி, இவ்வளவு இரும்பும் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். 1943-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இப்பாலத்திற்குச் சென்ற எஃகு ஏறத்தாழ 26,500 டன் என்றும், அதில் 23,000 டன் ஜாம்ஷெட்பூர் டாடா ஆலையில் உருவானது என்றும் கூறினோம். நம் ஊர் இரும்பால் கட்டிய பாலம் ஏதும் இல்லையா என்று அவள் மீண்டும் வினவினாள். அவ்வினாவிற்கு விடை கூறப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

நம் ஊர் என்று அவள் சொன்னது சேலத்தை. கஞ்சமலையின் அடிவாரத்தில் பிறந்தவர் நாம். அமாவாசைதோறும் சித்தர் கோயிலுக்கு மக்கள் திரளும் அம்மலையைச் சங்கத்து அன்பர்களிற் சிலரும் கண்டிருப்பர். மழை பெய்து ஓய்ந்தபின் அம்மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் கரிய மணல் கோடு கோடாய்ப் படிந்து கிடக்கும். சிறு வயதில் காந்தக் கல்லை நூலிற் கட்டி அம்மணலில் இழுத்துச் செல்வோம். கல் முழுதும் கருமயிர் முளைத்தாற்போல மணல் ஒட்டிக்கொள்ளும். வயலில் ஏர் ஓட்டுகையில் கொழுமுனையில் கனத்த கருங்கட்டிகள் தட்டுப்படும். அவற்றை இரும்புக் கிட்டம் என்று பெரியோர் சொல்வர். எக்காலத்திலோ, எவரோ அங்கே இரும்பு உருக்கிய அடையாளம் அது.

அந்த எவரோ என்பவர்களிடம் பாடம் கேட்டு, அப்பாடத்தைக் கொண்டு உலகின் எஃகுத் தொழிலையே மாற்றியவர் ஓர் ஆங்கிலேயர். ஜோசையா மார்ஷல் ஹீத் என்பது அவர் பெயர். உலோகத் தொழில் வரலாறு கற்றோர் அனைவரும் அவரை அறிவர். அவருக்கு உலை அமைக்க மண் கொடுத்த தமிழ்நாட்டில் அவரை அறிந்தவர் சிலரே.

ஹீத் சென்னை இராசதானியில் கும்பினியாரின் சிவில் உத்தியோகத்தில் இருந்தவர். சேலம், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் வணிக அதிகாரியாக அமர்ந்தார். துணி கொள்முதலும் கணக்குமே அவ்வுத்தியோகத்தின் சாரம். நம்மைப் போன்ற எழுத்தர் வேலையின் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கணக்குப் புத்தகத்தை மூடிய பின்னும் அவருடைய கண்கள் மூடவில்லை. பறவைகளையும் விலங்குகளையும் சேகரித்துப் பாடம் செய்து இலண்டனுக்கு அனுப்பினார். ஹார்ஸ்பீல்டு என்னும் அறிஞர் 1831-இல் சென்னைப் பகுதியிலிருந்து கிடைத்த ஒரு மஞ்சள் வௌவாலுக்கு ஹீத்தின் பெயரையே சூட்டினார். விலங்கியல் நூல்களில் அது இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. வங்காளத்திலும் வாழும் வௌவால் அது. அந்தி நேரத்தில் நம் குடியிருப்பின் பழங்கட்டடங்களை வட்டமிடும் வௌவால்களுள் ஹீத் துரையின் பெயர் தாங்கியதும் ஒன்று இருக்கக் கூடும் என்று சொல்லி நம் பிள்ளைகளைச் சிரிக்க வைத்ததுண்டு.

பறவையைக் கூர்ந்து நோக்கிய அதே கண்ணால் அவர் சேலத்துக் கொல்லர்களின் உலையையும் நோக்கினார். அவர் கண்டதை நாம் சற்று விரிவாகவே கூறுதல் வேண்டும். ஏனெனில் நம் முன்னோர் செய்த தொழிலை நம் பிள்ளைகள் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிப்பதாகத் தெரியவில்லை.

இரும்புக் கல்லை முதலில் இடித்துப் பொடியாக்குவர். பின்பு அரிசி புடைப்பது போலப் புடைத்தும், நீரில் அலசியும் கனமான கரும்பொடியைப் பிரித்தெடுப்பர். உலை என்பது களிமண்ணால் ஆனது. ஆள் மார்பளவு உயரத்திற்கு மேற்படாதது. மூன்று அடி முதல் ஐந்து அடி வரை இருக்கும். அடியில் இரண்டு ஆட்டுத்தோல் துருத்திகள். அவற்றின் வாயில் மூங்கிற் குழல். ஒருவர் ஒன்றை அமுக்கும்பொழுது மற்றது காற்றை உள்வாங்கும். காற்று இடையறாமல் உலைக்குட் செல்லும். கரியும் கரும்பொடியும் மாறி மாறி மேலிருந்து இடுவர். சில மணி நேரம் சென்றபின் உலையின் முன்புறத்தை உடைத்து, பஞ்சு போலக் கொழகொழத்துச் சிவந்திருக்கும் இரும்புத் திரளையை வெளியே இழுத்துச் சம்மட்டியால் அடித்துக் கிட்டத்தைப் பிழிந்து வெளியேற்றுவர். இது இரும்பு.

எஃகு செய்வது அதற்கு அடுத்த படி. அவ்விரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஏறத்தாழ ஓர் இராத்தல் எடையளவு ஒரு மண் குகையிலிட்டு, ஆவாரஞ் செடியின் உலர்ந்த குச்சிகளைச் சேர்த்து, மேலே எருக்கிலை போன்ற பச்சிலை ஒன்றிரண்டை மூடி, குகையின் வாயைக் களிமண்ணால் அடைத்து விடுவர். மண் உலர்ந்தபின் இத்தகைய குகைகள் இருபது, இருபத்து நான்கை உலைக்குள் வளைவாக அடுக்கிக் கரியால் மூடி இரண்டரை மணி நேரம் ஊதுவர். ஆறியபின் குகையை உடைத்தால் உள்ளே உருகி உறைந்த எஃகு வில்லை கிடைக்கும். நாம் இதனை உருக்கு என்போம். கன்னட நாட்டார் உக்கு என்பர். இச்சொல்லே ஐரோப்பியர் வாயில் வூட்ஸ் என்று திரிந்தது. புகழ் பெற்ற டமாஸ்கஸ் வாள்களின் மூலப்பொருள் இவ்வுருக்கே என்பர் அறிஞர். 1795-இல் பியர்சன் என்பவர் இலண்டன் அரச கழகத்தில் இதனைப் பற்றி ஆராய்ச்சியுரை படித்தார். பின்னர் மின்சார மேதை பாரடே தம் இளமையில் இதனைப் போன்ற எஃகைச் செய்து பார்க்க முயன்று பல சோதனைகள் நடத்தினார்.

ஹீத் இவற்றை நோக்கி வியந்ததோடு நிற்கவில்லை. மூடிய குகைக்குள் இட்ட ஆவாரங்குச்சியும் பச்சிலையும் ஏன் என்று எண்ணினார். சூட்டில் அவை கரியாகவும் வாயுவாகவும் மாறி இரும்பினுட் புகுந்து அதனை எஃகாக்குகின்றன என்று கண்டார். இங்கிலாந்தில் மஷெட் என்பவர் இரும்பையும் கரியையும் குகையிலிட்டு உருக்கும் முறைக்கும், மாக்கிண்டாஷ் என்பவர் இரும்பின் மேல் கரிவாயுவைச் செலுத்தும் முறைக்கும் தனித்தனியே பேடண்டு உரிமை பெற்றிருந்தனர். அவ்விரு முறைகளின் தத்துவமும் சேலத்துக் கொல்லனின் ஒரே குகைக்குள் அடங்கிக் கிடக்கிறது என்று ஹீத் 1839-இல் ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் எழுதினார். எகிப்தியர் தம் கற்றூண்களில் எழுத்துச் செதுக்கிய உளிகளும் இந்திய எஃகால் ஆனவையாக இருக்கலாம் என்பது அவர் ஊகம். ஆங்கிலேயர் ஒருவர் அக்காலத்தில் நம்மவர் கைத்தொழிலைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதியது போற்றத்தக்கது. அந்த 1839-ஐ வாசகர்கள் நினைவிற் கொள்க. மீண்டும் அவ்வாண்டிற்கு வருவோம்.

இத்துணைச் சிறந்த கல் சேலத்தில் மலை மலையாகக் கிடக்க, ஒரு குகைக்கு ஓர் இராத்தலாக எடுத்துக்கொண்டிருப்பானேன் என்பதே ஹீத்தின் மனத்தில் வேரூன்றிய எண்ணம். ஐரோப்பாவில் பெரிய உலைகள் தோன்றியதற்குக் காரணம் நீர். மலையோடைகளின் கரையில் உலையைக் கட்டி, ஓடும் நீரால் சக்கரத்தைச் சுழற்றி, அச்சக்கரத்தால் ஆளுயரத் துருத்திகளை இயக்கினர். மனிதன் இரண்டு மணி நேரத்தில் களைத்துப் போவான், ஓடை களைப்பதில்லை. இரவும் பகலும் காற்றுச் சென்றதனால் உலை வீட்டுயரம் வளர்ந்தது. இரும்பு திரளையாக அன்றிக் குழம்பாகவே ஓடி வந்தது. கோடையில் ஓடை வற்றினால் உலையும் அவிந்துவிடும் என்பதொன்றே குறை. பின்பு நீராவி எஞ்சின் வந்து அக்குறையையும் தீர்த்தது. நம் சேலத்து ஓடைகளோ மழைக்கு ஓடி மறுவாரம் மணலாகக் கிடப்பவை. அங்கே ஆட்டுத்தோலை விட்டால் வேறு கதி இருந்ததில்லை.

1825-இல் ஹீத் தம் திட்டத்தைச் சென்னை அரசின் முன் வைத்தார். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமை, கும்பினியின் சாசனம் முடியும் காலம் வரைக்கும், இராசதானி முழுவதற்கும் அவருக்கு அளிக்கப்பட்டது. தென்னார்க்காட்டுத் தரிசு நிலங்களில் கரிக்கு மரம் வெட்டிக்கொள்ளவும் இசைவு கிடைத்தது. முன்பணமும் தந்தனர். ஓய்வூதியம் தரும் நிலையான உத்தியோகத்தை விட்டு, இங்கிலாந்து சென்று தொழிலைக் கற்று, கருவிகளுடன் திரும்பி வந்து 1830-இல் அவர் உலை எழுப்பிய இடம் பரங்கிப்பேட்டை.

உத்தியோகத்தை விட்டார் என்று எழுதும்பொழுது நம் பேனா சற்று நிற்கிறது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர்க்கு அது எத்துணைப் பெரிய சொல் என்பது தெரியும்.

கல் இருப்பது சேலத்தில். உலை இருப்பது நூறு மைலுக்கு அப்பால் வெள்ளாற்று முகத்தில். இஃதென்ன விந்தை என்று கேட்கத் தோன்றும். அன்று இரயில் இல்லை. மாட்டு வண்டிப் பாதையும் செப்பமாக இல்லை. செய்த இரும்பைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்தில் விற்க வேண்டும்; ஆகவே துறைமுகம் வேண்டும். போர்த்துக்கீசியர் பெயரைத் தாங்கி, டச்சுக்காரர் வாணிகம் கண்டு, 1781-இல் ஐதரலிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த பெரும் போரால் பெயர் பெற்ற பழந்துறை பரங்கிப்பேட்டை. சேலத்துக் கல்லைப் பரிசல்களில் ஏற்றிக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மிதக்கவிட்டு, வாய்க்கால் வழியே அங்கே கொண்டுவந்து சேர்த்தனர். மேனாட்டில் நீர் சக்கரத்தைச் சுழற்றியது. பரங்கிப்பேட்டையில் நிலம் பலகை போற் சமம். அங்கே ஆற்றுக்குச் சக்கரம் சுழற்றும் வீழ்ச்சி இல்லை. அங்கே நீர் செய்த வேலை சுமை தூக்கியதுதான். அதுவும் ஆற்றில் வெள்ளம் இருக்கும் மாதங்களில் மட்டும். தோலாற் செய்த வட்டப் பரிசலில் இரும்புக் கல்லை ஏற்றி நூறு மைல் விடுவதை எண்ணிப் பாருங்கள். சரக்குப் போக்குவரத்துக் கணக்கு எழுதிப் பழகிய நமக்கு, அத்தொழிற்சாலையின் தலையெழுத்து அப்பரிசலிலேயே எழுதப்பட்டுவிட்டதாகத் தோன்றுகிறது.

தொடக்கத்திலேயே தொல்லைகள் வந்தன. உலை கட்டும் செங்கல் முதல் வேலை தெரிந்த ஆள் வரை எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. கைப்பணம் கரைந்தது, கும்பினியின் கடன் ஏறியது. 1833-இல் ஒரு கூட்டுக் கம்பெனி அமைந்து தொழிற்சாலையை ஏற்றது. அதே ஆண்டில் மலையாளக் கரையில் பேப்பூரிலும் மற்றோர் ஆலை எழுந்தது. கல்லெடுக்கவும் மரம் வெட்டவும் உள்ள உரிமை சேலம், கோயம்புத்தூர், மலையாளம், கன்னடம் ஆகிய மாவட்டங்களுக்கும் விரிந்தது.

ஆனால் மூல நோய் கரி. ஒரு டன் இரும்பு வேண்டின் பல டன் மரக்கரி வேண்டும். அக்கரிக்கு அதனினும் பன்மடங்கு மரம் வேண்டும். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1709-இலேயே நிலக்கரியைச் சுட்டுக் கோக்காக்கி உலையிலிட்டு, காட்டைச் சார்ந்திருக்கும் நிலையினின்று விடுபட வழி கண்டார். சேலத்திலும் தென்னார்க்காட்டிலும் நிலக்கரி ஏது? நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அன்று எவர் கண்ணிலும் படவில்லை. பட்டிருந்தாலும் அன்றைய உலைக்கு அது பயன்பட்டிராது. அருகிலிருந்த காடு குறையக் குறைய, கரி மேன்மேலும் தொலைவிலிருந்து வந்தது. விலையும் கூடவே ஏறியது.

ஈண்டு ஒன்றை மறைக்காமற் கூறிவிடுகிறோம். ஹீத்தின் முயற்சியை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஆயினும், வெட்டப்பட்ட அக்காடுகள் யாருடையவை என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. தரிசு என்று கும்பினியின் ஏட்டில் எழுதப்பட்ட நிலம் ஊராரின் மேய்ச்சற் புறமாகவும், விறகுக் காடாகவும், சிற்றுலைக் கொல்லர்களின் கரிக்காடாகவும் இருந்திருக்கும். தனியுரிமை ஒருவருக்கு, அவர் பாடம் கேட்ட கொல்லர்களுக்கோ உரிமையும் இல்லை, பங்கும் இல்லை, வரலாற்றில் ஒருவர் பெயர்கூட இல்லை. வௌவாலுக்குக் கிடைத்த பெயர்ப்பதிவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஹீத் ஒருவர் மீது இக்குற்றத்தைச் சுமத்துவது முறையன்று. அக்கால ஆட்சியின் இயல்பு அது.

இனி, நம் பெண்ணின் வினாவிற்கு வருவோம். பரங்கிப்பேட்டை இரும்பு தரத்தில் குறைந்ததன்று. கப்பலேறி இங்கிலாந்து சென்றது. எஃகு செய்வதற்கு ஏற்றது என்று பெயரும் பெற்றது. வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின் மேல், ராபர்ட் ஸ்டீபன்சன் அமைத்து 1850-இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா இரயில் பாலத்தில் அவ்விரும்பு பயன்பட்டது என்று பல நூல்கள் கூறுகின்றன. நீண்ட இரும்புக் குழாய்க்குள்ளே இரயில் வண்டி ஓடிய அற்புதப் பாலம் அது. அருகிலுள்ள மெனாய்த் தொங்கு பாலத்திலும் நம் இரும்பு இருந்தது என்று சேர்த்து எழுதுவோர் உண்டு. அது பொருந்தாது. அப்பாலம் 1826-இல் திறக்கப்பட்டது; பரங்கிப்பேட்டையில் உலை மூண்டதோ 1830-இல். ஊர்ப்பற்று நல்லதுதான், ஆண்டுக் கணக்கை அது விழுங்கிவிடலாகாது. பிரிட்டானியாப் பாலத்தின் குழாய்களும் இன்றில்லை. 1970-ஆம் ஆண்டு மே மாதம் தீப்பற்றிக் கெட்டுப் போயின. பின்னர் எஃகு வளைவுகளைக் கொண்டு பாலத்தைப் புதுக்கினர். இருந்தது, இப்பொழுது இல்லை என்றே நம் பெண்ணுக்கு விடை சொன்னோம். அவள் முகம் சற்று வாடியது. அதனால் கதையின் எஞ்சிய பகுதியையும் சொல்ல வேண்டியதாயிற்று.

ஹீத் இங்கிலாந்து திரும்பி ஷெபீல்டு நகரில் தங்கினார். கத்திக்கும் அரத்திற்கும் உளிக்கும் உலகப்புகழ் பெற்ற ஊர் அது. நம் ஹவுராவின் வார்ப்படச் சாலைகளைக் கண்டோர் இதனைக் கீழ்நாட்டு ஷெபீல்டு என்று புகழ்ந்ததை முதியோர் அறிவர். அன்று ஷெபீல்டுக்காரர்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. உயர்ந்த வார்ப்பெஃகு செய்ய வேண்டுமாயின் ஸ்வீடன் நாட்டு விலையுயர்ந்த இரும்பே வேண்டும். ஆங்கில நாட்டு இரும்பை உருக்கினால் எஃகு சம்மட்டியின் கீழ் வெடிக்கும். இரும்போடு பற்றவைத்தால் ஒட்டாது. உருகும்பொழுது எஃகினுள் ஆக்சிஜனும் கந்தகமும் தங்கிவிடுவதே காரணம் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் கூறுவர். அன்று அது தெளிவாக விளங்கவில்லை.

ஹீத் சோதனை மேற் சோதனை செய்தார். முடிவில் மாங்கனீசைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கிப் பெற்ற ஒரு பொருளை, எஃகின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை குகையிலிட்டார். மாங்கனீசு ஆக்சிஜனைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு கசடாக மேலே மிதந்தது. கந்தகத்தின் தீமையையும் அடக்கியது. எஃகு வெடிக்கவில்லை, இரும்போடும் நன்கு ஒட்டியது. 1839 ஏப்ரலில் இதற்குப் பேடண்டு உரிமை பெற்றார். உள்நாட்டு இரும்பிலேயே நல்ல எஃகு செய்ய முடிந்தமையால், டன்னுக்கு 30 முதல் 40 பவுன் வரை விலை இறங்கிற்று என்பர். ஷெபீல்டு செழித்தது.

ஹீத் அக்கலவையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்று வந்தார். அவருக்கு அன்வின் என்றொரு முகவர் இருந்தார். மாங்கனீசையும் கரியையும் முன்கூட்டியே தனியே சுட்டுச் சேர்ப்பது செலவு. மாங்கனீசின் கருநிற ஆக்சைடையும் தார் போன்ற கரிப்பொருளையும் நேரே குகையிலிட்டால் அதே கலவை உள்ளேயே விளைந்துவிடும். இம்மலிவான வழியை ஹீத்தே நம்பிக்கையுடன் அன்வினுக்குச் சொன்னார் என்று உலோக நூலார் எழுதுவர். ஆனால் பேடண்டுப் பத்திரத்தில் எழுதியிருந்தது சுட்டுச் சேர்த்த கலவை. குகைக்குள் விளையும் கலவை அன்று. அன்வின் பிரிந்து சென்று, புது வழி பத்திரத்தில் இல்லை என்று கூறி, உரிமைப் பணம் தராமல் எஃகு செய்யலானார். பிறரும் அவ்வாறே செய்தனர்.

வழக்கு மூண்டது. நடுவர் மன்றம், மேல் மன்றம், மீண்டும் விசாரணை என்று ஆண்டுகள் உருண்டன. ஒரு மன்றத்தில் வெற்றி. மறு மன்றத்தில் தோல்வி. பொருள் விளையும் இடம் குகைக்கு வெளியா, உள்ளா என்பதன் மேல் ஒரு மனிதனின் வாழ்வு தொங்கியது. அலுவலகக் கோப்பில் ஒரு சொல் விடுபட்டமையால் ஓய்வூதியம் ஆண்டுக்கணக்கில் நின்றுபோன தோழர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆதலின் இப்பகுதியை எழுதுகையில் மனம் கனக்கிறது. தமிழ்நாட்டில் இட்ட பணம் திரும்பவில்லை. ஷெபீல்டில் கண்டுபிடித்ததன் பயனும் கைக்கு வரவில்லை. 1851-இல் ஹீத் வறுமையில் இறந்தார்.

அவருடைய கைம்பெண் வழக்கை விடவில்லை. பிரபுக்கள் சபை வரை சென்றார். கருத்துக் கேட்கப்பெற்ற நீதிபதிகளிற் பெரும்பாலோர் ஹீத்தின் பக்கமே நின்றனர். எனினும் 1855-இல் சபையின் முடிவு அன்வினுக்குச் சாதகமாயிற்று. அடுத்த ஆண்டிலேயே பெஸ்ஸிமர் தம் புதுமுறையை உலகறியச் செய்தார். அம்முறையால் வந்த எஃகும் வெடித்தது. அதனைக் காத்ததும் மாங்கனீசே. ஹீத்தின் பங்கை மறவாமற் குறிப்பிட்ட உலோக நூலார் சிலர் உளர். அன்னாருடைய குடும்பத்திற்கு அதனால் ஆவதென்ன?

1839-ஐ நினைவிற் கொள்ளச் சொன்னோம் அல்லவா? சேலத்துக் கொல்லன் எழுதாமல் வைத்திருந்த வித்தையைப் பிறர் பேடண்டாக எழுதிக்கொண்டனர் என்று ஹீத் சுட்டிக்காட்டியதும், தம் வித்தையை முழுவதும் எழுதாமல் விட்டு அதனாலேயே இழந்ததும் ஒரே ஆண்டில் தொடங்கியவை.

பரங்கிப்பேட்டை ஆலை அவர் மறைவுக்குப் பின்னும் சில காலம் புகைந்தது. 1853-இல் இலண்டனில் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று புதிதாக ஒன்று அமைந்து அதனை ஏற்றது. கல் இருக்கும் இடத்திற்கே உலையைக் கொண்டுசெல்வது நலம் என்று அப்பொழுதுதான் தோன்றிற்றுப் போலும். காவிரிக் கரையில் பூலாம்பட்டியிலும் உலை எழுந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. அவ்வாண்டுகளிலேயே இந்தியாவில் இரயில் பாதை இடத் தொடங்கினர். 1854-இல் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கும், 1856-இல் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கும் வண்டி ஓடிற்று. தண்டவாளங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. கடற்கரையில் ஓர் இரும்பாலை கரியின்றி வாட, அக்கடல் வழியாகவே அயல்நாட்டு இரும்பு வந்திறங்கியது. 1860-களில் பரங்கிப்பேட்டை உலையும் பேப்பூர் உலையும் அவிந்தன.

நிலக்கரியருகே உலை அமைப்பதே வழி என்பதை வங்காளம் காட்டிற்று. 1875-இல் குல்டியில் கோக்கைக் கொண்டு உலை மூட்டினர். அசன்சால் தாண்டிச் செல்லும் நம் அன்பர்கள் வண்டியிலிருந்தே அவ்வூரைக் காணலாம். பின்பு ஜாம்ஷெட்பூர் வந்தது. 1912-இல் அங்கே எஃகு உருவாயிற்று. சேலத்தில் 1980-களின் தொடக்கத்தில் எழுந்த அரசினர் உருக்காலை துருப்பிடியா எஃகுத் தகடுகளுக்குப் பெயர் பெற்றது. கஞ்சமலைக் கல்லை நம்பி நிற்பதன்று.

பூலாம்பட்டியைப் பற்றி ஒன்று சொல்ல மறந்தோம். ஹீத்தின் வழிவந்தோர் கரியின்றித் தவித்த அவ்விடத்தில், அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கும் இக்கரைக்குமாகக் காவிரியின் குறுக்கே இன்று கதவணை நிற்கிறது. நீரின் வீழ்ச்சியால் மின்சாரம் பிறக்கிறது. சற்று மேலே மேட்டூரில் 1965 முதல் 2008 வரை மின்சாரத்தால் அலுமினியம் உருக்கும் ஆலையும் நடந்தது. ஹீத்தின் காலத்தில் சுமை தூக்கிய காவிரி நீர் இன்று சக்கரமும் சுழற்றுகிறது.

நம் பெண்ணுக்கு இவ்வளவும் சொல்லி முடித்தபொழுது ஹவுரா நிலையத்தின் பக்கம் வந்துவிட்டோம். தண்டவாளங்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் கிராசிங் ஒன்றை அவளுக்குச் சுட்டிக்காட்டினோம். நாள் முழுதும் சக்கரங்கள் இடிபடும் இடம் அது. சாதாரண எஃகு விரைவில் தேய்ந்துபோகும். ஆதலின் அங்கே மாங்கனீசு மிகுந்த எஃகை வார்த்து வைப்பர். 1882-இல் அதனைக் கண்டுபிடித்தவர் ஷெபீல்டைச் சேர்ந்த ஹாட்பீல்டு. கிராசிங்கில் மட்டுமன்று, சாதாரணத் தண்டவாளத்திலும் பாலத்திலும் சமையலறைக் கத்தியிலும் உள்ள எஃகில் சிறிதளவேனும் மாங்கனீசு உண்டு. அவள் குனிந்து பார்த்து, இதில் சேலத்து இரும்பு இல்லையே என்றாள். இல்லைதான் என்றோம்.

சிதம்பரம் தரிசனத்திற்குச் செல்லும் அன்பர்கள் கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே பரங்கிப்பேட்டை நிலையத்தைக் காண்பர். விரைவு வண்டிகள் பல அங்கே நிற்பதில்லை. பாசஞ்சரில் இறங்குதல் வேண்டும். நாம் ஒருமுறை இறங்கி வெள்ளாற்று முகம் வரை சென்றோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் நிலையம் இருக்கிறது, மீன்படகுகள் இருக்கின்றன. உலையின் சுவடு எதுவும் நம் கண்ணிற் படவில்லை. நம்மினும் கூரிய கண்ணுடையார் எவரேனும் அங்கு ஒரு துண்டு கிட்டத்தைக் கண்டெடுத்தால், அடுத்த ஆண்டு விழாவிற்கு அதனை எடுத்து வருமாறு வேண்டுகிறோம். கஞ்சமலைக் கிட்டம் ஒன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.